நனைக்காமல் போட்ட மெருகு

கீழே பட்டறையில் அண்ணன் நாலாவது கத்தியின் பிடியையும் உடைத்துவிட்டான். எருமைக் கொம்பில் உளி இறங்கும்போது முதலில் ஒரு 'டக்'. அப்புறம் கொம்பு பிளக்கிற சத்தம். நான் மாடியில் போர்வைக்குள் படுத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பலகையில் வளைந்த குக்ரிக் கத்தி பதினொன்று இருந்தது. எல்லாம் தீபாவளி சமயத்தில் வருகிற திஹார் பண்டிகைச் சந்தைக்கு என்று செய்தவை. எண்ணெய் தடவி உறையில் போட வேண்டியதுதான் பாக்கி. விடிவதற்குள் பதினொன்றையும் மொட்டையாக்கி, மறுபடி உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சப்போகிறான். அவனுக்குக் கண் போய்விட்டதாம். தீயின் நிறம் தெரியவில்லையாம். இந்த வருஷம் அவன் கை பட்ட எந்தக் கத்தியையும் நம்ப முடியாதாம்.

அவன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்தில் அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. தூங்கினால் அண்ணி குறட்டை விடுவாள்.

"பினு, நீயாவது போய் உங்கண்ணன படுக்கச் சொல்லேன்" என்றாள்.

"நான் சொன்னா கேக்குமா அண்ணி?"

"நான் சொன்னா மட்டும் கேக்குதா? விடிஞ்சா தசமி. எங்கம்மா வீட்டுக்குப் போய் அரிசித் திலகம் வெச்சுக்கணும். இந்த மனுஷன் கரி மூஞ்சியோட வந்து நிப்பாரு. எங்கப்பா அரிசியை நெத்தியில வெப்பாரா, அடுப்புல வெப்பாரா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இப்போது போர்வையை மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

எல்லாம் பஸ்னெத் ஐயாவால் வந்தது. அப்படிச் சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான்.

பஸ்னெத் ஐயாதான் எங்கள் ஊர் துர்கை கோயில் கமிட்டித் தலைவர். நவமியன்று காலையில் கோயில் முற்றத்தில் எருமை வெட்டுவார்கள். ஒரே வெட்டு. ஒரே வெட்டில் தலை விழுந்தால் ஊருக்கு அந்த வருஷம் நல்லது. விழாவிட்டால் மழை, நோய், மண்சரிவு எது வந்தாலும் அந்த வெட்டின் மேல் போடுவார்கள். வெட்டின் மேல் போட்டால் கத்தி மேல் போட்டதாக அர்த்தம். கத்தி மேல் போட்டால் எங்கள் வீட்டு மேல். பழைய பலிக் குக்ரி தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று ஆவணி மாசமே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

லாரிக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங் பட்டையில்தான் செய்தோம். முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனி தாண்டி இன்னும் ஒரு சாண் நீளம். அண்ணி துருத்தியைச் சுற்றினாள். நான் சம்மட்டி போட்டேன். அண்ணன் இடுக்கியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். மூன்று நாள் ஆனது. தண்ணீர் காட்டுகிற வேலையை மட்டும் அண்ணன் யாருக்கும் கொடுக்கமாட்டான். கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, பழுத்த கத்தியின் வெட்டுகிற வாய் ஓரமாக டீக் கெண்டியிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் ஊற்றுவான். பிறகு முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும். நிறம் மாறிக்கொண்டே வரும். வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டி ஊதா வந்தால் பதம் தளரும். நீலம் வந்தால் அது கத்தியே இல்லை, தகரம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுத்து படிப்பதற்கு முன்னால் படிக்கிற பாடம் இது.

போன தை மாசம் அண்ணனின் வலது கண்ணில் இரும்புச் செதில் தெறித்தது. தரான் ஆஸ்பத்திரியில் எடுத்து, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அன்றையிலிருந்து அண்ணன் தீயைப் பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வான். அதைப் பார்த்தால் எனக்கு என்னமோ போல இருக்கும்.

பெரிய குக்ரிக்குப் பதம் போட்டதும் பஸ்னெத் ஐயா முன்னால் அரத்தை எடுத்து வாயில் இழுத்துக் காட்டினான். பதம் சரியாக இருந்தால் அரம் பிடிக்காது, வழுக்கும். நுனியிலிருந்து அடி வரைக்கும் வழுக்கியது.

"பாத்தீங்களா ஐயா?"

"அரம் வழுக்கி எனக்கு என்னடா ஆகணும், ஹஸ்தா? இதுல என் மூஞ்சி தெரியலியே."

"வெட்டுற கத்திக்கு மூஞ்சி எதுக்குங்க?"

"போட்டோ எடுப்பாங்கடா. போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் கத்தி ஃபேஸ்புக்குல கண்ணாடியா மின்னுது. நம்ம கத்தி அடுப்புல விழுந்த கரண்டி மாதிரி இருக்கு. மெருகு போடச் சொல்லு உன் தங்கச்சிய. அதுக்குத்தானே வெச்சிருக்கே?"

என்னை எதற்கு வைத்திருக்கிறார்களோ, மெருகு போடுவது நான்தான். எட்டாவது படிக்கும்போதிலிருந்து. சின்னக் குக்ரி என்றால் அரை நாள். இந்தப் பூதத்துக்கு இரண்டு நாள். முரட்டு உப்புத்தாளில் குறுக்காகத் தேய்க்க வேண்டும். அடுத்த தாளில் நெடுக்காக. முதல் தாளின் கோடுகள் முழுக்கப் போகிற வரைக்கும். பிறகு அடுத்த தாள், மறுபடி குறுக்காக. நாலு தாள். கட்டைவிரல் தோல் உரிந்து, கையைச் சோற்றில் வைக்க முடியாது. பஸ்னெத் ஐயா வந்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"இங்க ஒரு கோடு."

இருந்தது. கத்தியின் வயிற்றில், வாயிலிருந்து அரை விரல் உள்ளே. முதல் தாளில் விழுந்த கீறல். நாலாவது தாள் வரைக்கும் திருடன் மாதிரி ஒளிந்திருந்துவிட்டு, பளபளப்பு ஏறினதும் எழுந்து நின்றது. உப்புத்தாள் பிடித்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். அந்த ஒரு கோட்டுக்காக இரண்டாவது தாளுக்குத் திரும்பிப் போக வேண்டும். போனேன். மறுநாள் வந்தார்.

"கோடு போச்சு. ஆனா அந்த இடம் மட்டும் மங்கலா இருக்கே?"

"தேச்ச இடம் அப்படித்தான் ஐயா இருக்கும். பூஜையில எண்ணெய் பூசினா தெரியாது."

"எண்ணெய் பூசினா எருமைகூடத்தான் மின்னும். வாய்க்கு வாய் பேசுது பாரு இது, ஹஸ்தா. நாளைக்குச் சாயங்காலம் வருவேன்."

அவர் போன பிறகு அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். "அந்தாளு மீசைய சீவ நம்ம கத்திதான் கெடச்சுது" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

மறுநாள் அண்ணன் கரி வாங்கப் போயிருந்தான். ஐந்தரைக்குக் கரண்ட் போய்விடும். நான் மெருகுச் சக்கரத்தைப் போட்டேன். சக்கரத்தில் காட்டும்போது ஒவ்வொரு தடவையும் கத்தியை வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்துக் காட்ட வேண்டும், சூடு ஏறக்கூடாது. ஆனால் நனைத்தால் சக்கரத்தில் பூசின மெழுகு வழுக்கிவிடும். பளபளப்பு பிடிக்காது. காய்ந்திருந்தால்தான் சட்டென்று ஏறும். மணி ஐந்தேகால். அந்த மங்கல் பாதி போயிருந்தது. ஒரே ஒரு தடவை நனைக்காமல் காட்டலாம் என்று நினைத்தேன். அழுத்திப் பிடித்தேன். மங்கல் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஆளின் மூஞ்சியையே சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பது மாதிரி இருந்தது, அதனால் இன்னும் அழுத்தினேன்.

எடுத்துப் பார்த்தபோது வாய் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, மயில் கழுத்து நிறம்.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. கத்தியை நனைத்து, மறுபடி சக்கரத்தில் மெதுவாகக் காட்டினேன். நீலம் மேல்தோலில்தான் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. பதம் மட்டும் திரும்பி வரவில்லை. கத்தி முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது. என் மூஞ்சி அதில் பேயறைந்த மாதிரி தெரிந்தது.

அண்ணன் கரி மூட்டையை இறக்கிவிட்டு வந்து கையில் வாங்கிப் பார்த்தான்.

"பலே. நனைச்சு நனைச்சுத்தானே போட்ட?"

"ஆமா."

ஒரு வார்த்தை. வாளியில் தண்ணீர் இருந்தது, கீழே ஈரம் இருந்தது, நான் என்றைக்கும் அவனிடம் பொய் சொன்னதில்லை. அவன் ஏன் சந்தேகப்படப்போகிறான்? மறுபடி அரம் போட்டுப் பார்க்கவில்லை. மெருகு போட்ட கத்தியில் யாராவது அரம் போடுவார்களா?

பஸ்னெத் ஐயா வந்தார், மீசையைப் பார்த்துக்கொண்டார், கொண்டுபோனார். கோயிலுக்குள் போவதற்கு முன்னால் பொன் நனைத்த தண்ணீரை அதன் மேல் தெளித்தார்கள். நாங்கள் தொட்ட தீட்டு போக வேண்டுமாம். பிறகு அம்மன் பக்கத்தில் வைத்தார்கள். கத்தி உள்ளே போகலாம், செய்தவன் போகக்கூடாது. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. எங்கள் ஊர் சட்டத்துக்கும் பொன் தண்ணீர் தெளித்துவிடும். அந்த இரண்டு ராத்திரியும் நினைத்தேன், இப்போது சொன்னால்கூட அதை வெளியே எடுக்க முடியாது, அம்மனுக்கு வைத்ததை எடுக்க விடமாட்டார்கள் என்று. சொல்லாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

நேற்றுக் காலை, நவமி. நாங்கள் மூன்று பேரும் கோயில் சுவருக்கு வெளியே நின்றோம். வெட்டினது பஸ்னெத் ஐயாவின் அண்ணன் மகன் ரணதோஜ். இந்தியப் பட்டாளத்தில் இருக்கிறார், லீவில் வந்தவர், எங்கள் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். கத்தி மேலே போனது. வெயிலில் ஒரு மின்னல் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'தொப்' என்று சத்தம் வந்தது. கூட்டம் கத்தவில்லை. அதுதான் பயம். கண்ணைத் திறந்தேன். தலை கீழே கிடந்தது, ஆனால் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ரணதோஜ் கத்தியை ஒரு இழுப்பு இழுத்து அதை அறுத்தார்.

"அது ரெண்டாவது வெட்டு" என்று ஒரு கிழவர் சொன்னார்.

"எது ரெண்டு? கத்தி மேல போச்சா? இழுத்தான். அவ்வளவுதான்."

"இழுக்கிறது வெட்டு இல்லையா? உன் வீட்டுல கீரைய எப்படி அரியுறாங்க?"

"எலும்பு அறுந்துச்சா இல்லையா? தோலு கணக்குல சேராது."

"தோலு கணக்குல சேராதுன்னா செருப்பு எதுலய்யா தைக்கிறான்?"

கடைசியில் பஸ்னெத் ஐயா சங்கை ஊதச் சொல்லிவிட்டார். சங்கு ஊதினால் ஒரே வெட்டுதான். கூட்டம் இறைச்சிக்கு வரிசை கட்டியது. நான் உயிர் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ரணதோஜ் தனியாக வந்தார். கையில் சாக்கில் சுற்றின கத்தி.

"ஹஸ்தா, யாருகிட்டயும் சொல்லல. சித்தப்பாவுக்கும் தெரியாது. நீ பாத்துக்கோ" என்று பட்டறையில் வைத்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் டீ குடிக்காதது நேற்று மட்டும் சாதிக்காக இல்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு.

வயிற்றுப் பக்கம் வாய் மடங்கியிருந்தது. கட்டைவிரல் அகலம். துணி ஓரம் மடிந்த மாதிரி. அண்ணன் அதை விரலால் தடவினான். கோபப்படவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

"வைக்கோல் நிறம்னு நெனச்சுத்தான் நிறுத்தினேன்" என்றான், யாரிடமோ.

"அரம் வழுக்குச்சேங்க" என்றாள் அண்ணி.

"அரமும் தேஞ்சிருக்கும். அரம் பழசு, கண்ணு பழசு. இந்த வருஷம் எத்தன பேருக்கு வித்திருக்கேன், சுனமாயா? எத்தன வீட்டுல இப்படி மடங்கிக் கெடக்குதோ. வெளிய சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு வெச்சிருப்பாங்க."

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கீழே சிந்தின கரியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து உளியை எடுத்தான்.

அஞ்சு. ஆறு.

அண்ணியின் தோள் குலுங்குகிறது. சத்தம் வராமல் அழுகிறாள்.

"திஹார் முடிஞ்சதும் மலேசியா ஏஜண்டு கிட்ட பாஸ்போர்ட் குடுக்குறாராம்" என்றாள் சுவரைப் பார்த்து. "கண்ணு தெரியாதவன் உலை முன்னாடி உக்காந்தா கொலகாரன்னு சொல்றாரு. உங்கண்ணனுக்கு மூட்டை தூக்கத் தெரியுமா, பினு? ஒரு கரி மூட்டைக்கே ஒரு மணி நேரம் முனகுற ஆளு."

ஏழு.

எழுந்துவிட்டேன். ஏணியில் இறங்கினேன்.

அண்ணன் எட்டாவது குக்ரியைக் கட்டையில் வைத்திருந்தான். கீழே கொம்புத் துண்டுகள். உலையில் கரி சிவந்து கிடந்தது, காய்ச்சத் தயாராக.

"அண்ணே, நிறுத்து."

"மேல போய் படு."

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பெரிய கத்திய நான்தான் கெடுத்தேன். சக்கரத்துல நனைக்காம போட்டேன். நீலம் வந்துச்சு. தேச்சு அழிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"உங்க அண்ணி சொல்லிக் குடுத்தாளா?"

"என்னது?"

"இப்படிச் சொன்னா நான் மனசு தேறிடுவேன்னு. போம்மா. எனக்காக நீ பழி ஏத்துக்க வேணாம்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பினான். உண்மையை இத்தனை வார்த்தையில் சொல்கிறேன், நம்பவில்லை.

"யாரும் சொல்லிக் குடுக்கல. சத்தியமா நான்தான்."

"நீ நனைக்காம போட மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன? பொறந்ததுல இருந்து பாக்குறேன்."

"போட்டேன்ங்கிறேன்ல."

"பினு, தூக்கம் வருது உனக்கு. போ."

உளியை மறுபடி கொம்பில் வைத்தான். நான் அவன் கைக்கு அடியிலிருந்து அந்தக் குக்ரியைப் பிடுங்கிவிட்டேன். அண்ணன் கையிலிருந்து எதையும் பிடுங்கினதில்லை நான். அவன் திகைத்துப் போய் நின்றான். சாக்கிலிருந்து பெரிய கத்தியை உருவி அவன் முன்னால் போட்டேன். ஆணியில் தொங்கின அரத்தை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"நுனியில போடு."

"இந்த அரத்த நம்பி..."

"நம்ப வேணாம். போடு. சும்மா போடு."

எரிச்சலில்தான் போட்டான். நுனியில் அரம் வழுக்கியது. கண்ணாடி மேல் நகம் மாதிரி கீச்சென்று.

"இப்ப அடியில."

வழுக்கியது.

"இப்ப மடங்கின இடத்துக்கு ரெண்டு விரல் தள்ளி, இந்தப் பக்கம். சரி, அந்தப் பக்கம்."

இரண்டு பக்கமும் வழுக்கியது. அண்ணனின் முகத்தில் ஏதோ நகர்ந்தது. நான் சொல்லாமலே அரத்தை மடங்கின இடத்துக்குக் கொண்டுபோனான். 'கரக்' என்று கடித்தது. பொடி விழுந்தது. மறுபடி இழுத்தான். இரண்டு விரல் தள்ளினால் வழுக்கல், இங்கே கடி, மறுபடி வழுக்கல். கட்டைவிரல் அகலம்தான். அந்தக் கீறல் இருந்த இடம்.

"கண்ணு பழுதுன்னா வாய் முழுக்கல்ல பழுதா போயிருக்கணும்?" என்றேன். "அரம் பொய் சொன்னா ரெண்டு விரலுக்கு ஒரு தடவையா மாத்தி மாத்திச் சொல்லும்?"

அண்ணன் அரத்தைக் கீழே வைத்தான். கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த கொம்புத் துண்டுகளைப் பார்த்தான். பிறகு என்னை.

"முதல் பிடிய நான் ஒடைக்கறப்ப நீ முழிச்சிருந்தியா?"

"ம்."

"ரெண்டாவது?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

"மூணு?"

"அண்ணே..."

"ஏழு பிடி, பினிஷா. ஒரு பிடிக்கு ஒரு நாள் வேல. மேல படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டிருந்தியா?" குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் பரவாயில்லை. "எனக்குப் போன கண்ணு இப்பதான் திரும்பி வந்திருக்கு. அதுல மொத மொத நான் பாக்குறது உன் மூஞ்சி. என்னத்தச் சொல்றது உன்ன?"

"பயமா இருந்துச்சு."

"என்ன பாத்தா?"

"இல்ல. நீ நம்பிட்டேல்ல, அதுதான்."

அவன் உலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிறகு கம்பியால் கரியைப் பரப்பி, மேலே சாம்பலைத் தள்ளினான். பட்டறை இருட்டிக்கொண்டு வந்தது. ஏணிப் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டவும் இல்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை.

"ரணதோஜ் என்னைப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டு லீவு முடிஞ்சு போவான்?" என்றான் அண்ணன். "தசமி மத்தியானம் பஸ் ஏறுறான். அதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்ற. நான் வர மாட்டேன். உங்க அண்ணியும் வர மாட்டா."

"பஸ்னெத் ஐயா அங்கதான் இருப்பாரு."

"இருக்கட்டும்."

"ஊரு பூரா சொல்லிடுவாரு அண்ணே. ரெண்டாவது வெட்டுன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க."

"ஆரம்பிக்கட்டும்" என்றான். எட்டாவது குக்ரியை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து, பலகையில் மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தான். மேலே ஏறிப் போகும்போது ஏணியில் நின்று, திரும்பாமல் சொன்னான்: "சக்கரத்து வயரைக் கழட்டி எங்கிட்ட குடு."

கழற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது மேலே இரண்டு பேரும் படுத்தாகிவிட்டது. அண்ணி குறட்டை விடுகிறாள். நான் இன்னும் பட்டறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்னெத் ஐயா வீட்டு வாசல் வரைக்கும் நாங்கள் போகலாம், படி ஏறக்கூடாது. ரணதோஜை எப்படி வெளியே கூப்பிடுவது? யார் முதலில் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள்? அந்த ஆளே வந்துவிட்டால்? அண்ணனிடம் சொன்னதை அப்படியே சொல்லிப் பார்க்கிறேன், மெதுவாக, வாய்க்குள். பாதியிலேயே வார்த்தை மாறிப்போகிறது. மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன். வெளியே சேவல் ஒன்று கூவிவிட்டது.